வெள்ளைச் சேலையும் பூந்திக்கொட்டையும்



மாதக் கடைசியில் சோப்புத்தூள் வாங்கவும் காசின்றிக் கலங்கியதுண்டா? தாராவியில் என் கணவர் வேலையிழந்திருந்த நாட்களில், ஆராதனைக்குரிய வெள்ளைச் சேலை அழுக்காயிருந்தபடியால் ஒரு ஞாயிறு சபைக்குப் போகாமலிருந்துவிட்டேன். அன்று தேவன் என் பெருமையை எனக்கு உணர்த்தினார்.

மறுநாள் அயலகத்தார் கொடுத்த பூந்திக்கொட்டையைக் கொண்டு துவைத்தேன். மும்பைக் கடைகளில் ‘ரீட்டா’ என்று கேளுங்கள். விதை நீக்கிய 20 கொட்டைகளை 1 லிட்டர் நீரில் இரவு ஊறவைத்து, காலையில் 20 நிமிடம் கொதிக்கவைத்து, ஆறியபின் பிசைந்து வடிகட்டுங்கள். ஒரு வாளிக்கு ஒரு டம்ளர் போதும். நுரை குறைவு, ஆயினும் அழுக்கு நீங்கும். இரண்டொரு நாளில் பயன்படுத்திவிடுங்கள், புளித்துவிடும். கண்ணில் படாதபடி கவனியுங்கள்.

என் சேலை பளீரென்று வெளுக்கவில்லை. கடைத்தூள்கள் பலவற்றில் வெண்மையை மிகுத்துக் காட்டும் சாயம் கலந்திருக்கிறது. கொட்டையில் அது இல்லை. ஆனாலும் சேலை சுத்தமாயிருந்தது. அதையே உடுத்தி அடுத்த ஞாயிறு ஆராதித்தேன்.

ஐயாயிரம் பேரைப் போஷித்த ஆண்டவரே மீதியான துணிக்கைகளைச் சேர்க்கச் சொன்னார். ஆகவே சிக்கனத்துக்கு வெட்கப்படாதீர்கள். சேலைக்காகச் சபையை விட்டுவிடாதீர்கள். தேவனுக்கே மகிமை.