தண்ணி எதுக்குங்கக்கா?



2023 ஆகஸ்ட் 23-ல் சந்திரயான்-3 நிலவில் இறங்கியது. அந்த நாள்தான் இப்போது தேசிய விண்வெளி நாள். அதற்காக, தெருவில் உள்ள சின்னப் பிள்ளைகளுக்கு ராக்கெட் செய்து காட்டச் சொன்னார் அறிவியல் டீச்சர். "தும்பாவுல 1963-ல முதல் ராக்கெட் விட்டாங்க. அந்தக் காலத்துல ராக்கெட் பாகத்தை சைக்கிள்ல வெச்சுக் கொண்டு போனாங்க. உங்களுக்கு சைக்கிள் பம்பு போதும்" என்று சொல்லி, லேபிலிருந்து ஓட்டை போட்ட ரப்பர் கார்க் ஒன்றைக் கொடுத்தார்.

பஞ்சர் கடை அண்ணா பழைய டியூப் வால்வை வெட்டி அந்த ஓட்டையில் இறுக்கமாகச் சொருகித் தந்தார். பாட்டில், சோடா பாட்டிலாக இருக்க வேண்டும். தண்ணீர் பாட்டில் மெல்லிசு, காற்றைத் தாங்காது. கூர்முனைக்கு நம் பல்லடத்தில் பஞ்சமா? தறி குடோன் பக்கம் போனால் நூல் தீர்ந்த அட்டைக் கோன் கிடைக்கும்! மூன்று அட்டை இறக்கையும் ஒட்டி, செங்கல்களுக்கு நடுவில் தலைகீழாக நிறுத்தினோம்.

முதலில் வெறும் காற்று. 'டொப்' என்று கொஞ்சம் எம்பி விழுந்தது. அடுத்து மூன்றில் ஒரு பங்கு தண்ணீர். பத்துப் பன்னிரண்டு தடவை பம்பு அடித்ததும் 'புஸ்ஸ்ஸ்'... வேப்பமரத்துக்கு மேலே போய்விட்டது! நான் முழுக்க நனைந்தேன். அம்மிச்சி காயப்போட்ட மிளகாயும் நனைந்தது. (வாங்கிய திட்டை இங்கே எழுத முடியாது.) கழுத்து வரை தண்ணீர் ஊற்றியபோது ராக்கெட் நகரவே இல்லை.

அப்போது இரண்டாம் வகுப்புப் பையன் ஒருத்தன் கேட்டான்: "ஏனுங்கக்கா, தண்ணி கனந்தானே? கனத்தை ஏத்துனா எப்படி மேல போகுது?"

"ஒவ்வொரு விசைக்கும் சமமான எதிர்விசை உண்டு. நியூட்டனின் மூன்றாம் விதி" என்றேன்.

"அது சரிங்க. தண்ணி எதுக்கு?"

அந்த விதிக்குப் பரீட்சையில் முழு மார்க் வாங்கியவள் நான். பதில் தெரியவில்லை. நாளைக்குச் சொல்றேன் என்று நழுவிவிட்டேன். வெட்கமாக இருந்தது.

மறுநாள் டீச்சரிடம் கேட்டால், அவரும் பதில் சொல்லவில்லை. "உங்க ஊட்ல தூரி இருக்குதா?" என்று மட்டும் கேட்டார்.

சாயங்காலம் அந்தப் பையனையே தூரியில் உட்கார வைத்தோம். கால் தரையில் படக்கூடாது. முதலில் தறி வேஸ்ட் நூல் உருண்டையை முன்னால் வீசச் சொன்னேன். தூரி அசையவில்லை. பிறகு மண் கட்டிய பை. அதை வேகமாக வீசினான், தூரி பின்னால் போனது!

"காத்து நூலு மாதிரிங்க, தண்ணி மண்ணு மாதிரி!" என்று கத்தினான்.

"அப்ப முழுசா ஊத்துனா ஏன் போகலை?"

கொஞ்சம் யோசித்தான். "தண்ணியத் தள்ளறதுக்கு உள்ள காத்து வேணுமில்லீங்க? அதுக்கு எடமே இல்லியே."

எனக்கும் அப்போதுதான் முழுதாக விளங்கியது.

திண்ணையில் மிளகாயைத் திருப்பிப் போட்டபடி இதையெல்லாம் பார்த்துக்கொண்டிருந்த அம்மிச்சி கேட்டார்: "ஏங்கண்ணு, எண்ணெய் ஊத்தினா இன்னும் மேல போகுமா?"

எண்ணெய் விற்கிற விலையில் அதை இன்னும் செய்து பார்க்கவில்லை.

— 9-ஆம் வகுப்பு மாணவி