எலி நடந்துச்சு, இவர் எப்ப நடப்பார் சார்?

1/ போன வாரம் ஓ.பி. முடியுற நேரம். ஒரு அக்கா போனை நீட்டினாங்க. பின்னங்கால் முடங்கின எலி, ஒரு ஜெல் ஊசிக்கு அப்புறம் நடக்குற வீடியோ. "எலி நடக்குது சார். இவர் எப்ப நடப்பார்?"
(அடையாளம் தெரியக்கூடாதுன்னு சில விவரங்களை மாத்தியிருக்கேன்.)

2/ வீட்டுக்காரர் தென்னை மரத்துல இருந்து விழுந்து அஞ்சு மாசம் ஆச்சு. முதுகெலும்புக்கு ஆபரேஷன் முடிஞ்சது. இடுப்புக்குக் கீழே அசைவும் இல்லை, உணர்வும் இல்லை. ஒரு தனியார் கிளினிக்ல "ஸ்டெம் செல்லும் ஜெல்லும் சேர்த்து" போட 6 லட்சம் கேட்டிருக்காங்க. அரை ஏக்கருக்கு விலை பேசியாச்சு.

3/ முதல்ல ஒண்ணு: அந்த எலி ஆய்வு உண்மை. 2021 நவம்பர்ல அமெரிக்காவின் நார்த்வெஸ்டர்ன் பல்கலைக்கழகத்து சாமுவேல் ஸ்டப் குழு 'சயின்ஸ்' இதழ்ல வெளியிட்டது. திரவமா உள்ளே போற மருந்து, தண்டுவடத்தைச் சுத்தி ஜெல்லா மாறும். முடங்கின எலிகள் 4 வாரத்துல நடந்துச்சு. ஜெல் 12 வாரத்துல தானே சிதைஞ்சு போயிடும். அன்னைக்கு நானும் ஸ்டேட்டஸ் போட்டுக் கொண்டாடினவன்தான்.

4/ ஹைட்ரோஜெல்னா என்ன? நுங்கை நினைச்சுக்கோங்க. பெரும்பகுதி தண்ணீர், ஆனா வழிஞ்சு ஓடாது. உள்ளே இருக்குற வலைப்பின்னல் பிடிச்சு வச்சிருக்கு. நாம கண்ணுல போடுற சாஃப்ட் காண்டாக்ட் லென்ஸும் இதே இனம்தான்.

5/ இது எதுக்கு? கையில நரம்பு அறுந்தா தைச்சு விடுறோம். ஒரு நாளைக்குச் சுமார் 1 மி.மீ. வளரும். தண்டுவடம் அப்படி வளராது. அடிபட்ட இடம் செத்து குழியாகும், சுத்தித் தழும்பு கட்டும், வளர்ச்சியைத் தடுக்குற புரதங்களும் அங்கே இருக்கு.

6/ ஆனா அந்த நார்களுக்கு வளரத் தெரியாதுன்னு இல்லை. 1981ல மான்ட்ரியல்ல டேவிட், அகுவாயோ ரெண்டு பேரும் எலிக்குக் கால் நரம்பையே எடுத்துப் பாலமா வச்சாங்க. அதுக்குள்ள தண்டுவட நார்கள் 3 செ.மீ. வரை வளர்ந்துச்சு. தகுந்த இடம் கிடைச்சா வளரும். குழியை நிரப்பி, திசு மாதிரியே மென்மையா இருந்து, மருந்தை மெல்ல மெல்ல விடுற ஜெல்லை வச்சு அந்த இடத்தை உருவாக்கப் பாக்குறாங்க.

7/ அப்ப இவருக்கு ஏன் இல்லை? எலிக்கு ஊசி போட்டது அடிபட்ட 24 மணி நேரத்துக்கு அப்புறம். இவருக்கு அஞ்சு மாசத் தழும்பு. எலியில கடக்க வேண்டிய தூரம் மில்லிமீட்டர் கணக்கு, மனுஷனுக்கு சென்டிமீட்டர் கணக்கு. காயத்துக்குள்ள வைக்கிற ஒரு பாலிமர் தாங்கியை (ஜெல் இல்லை, யோசனை அதேதான்) மனுஷங்களுக்கு வச்சுப் பார்த்தாங்க. 2023ல வந்த முடிவு, எதிர்பார்த்த பலன் இல்லை.

8/ பணம் கட்டுறதுக்கு முன்னாடி இதைக் கேளுங்க: "இது ஆய்வா? சி.டி.ஆர்.ஐ. பதிவு எண் என்ன?" ஐ.சி.எம்.ஆர். 2017 வழிகாட்டுதல்படி தண்டுவடக் காயத்துக்கு ஸ்டெம் செல்லை ஆய்வாக மட்டும்தான் கொடுக்கலாம். அதுக்கு நோயாளிகிட்ட காசு வாங்கக்கூடாது. 6 லட்சம் கேட்டா அது வியாபாரம்.

9/ இதையெல்லாம் சொல்லி முடிச்சதும் அந்த அக்கா கேட்டாங்க: "இதை ஏன் சார் முதல்லயே யாரும் சொல்லல?"
பதில் வரல. அஞ்சு மாசமா நாங்க எல்லாரும் சொன்னது ஒரே வார்த்தை: "பார்க்கலாம்." கெட்ட செய்தி சொல்ல எங்களுக்குப் பயம். நாங்க விட்ட அந்த இடைவெளியிலதான் கிளினிக்காரன் உள்ளே வந்தான்.

10/ அன்னைக்குச் சொன்னேன்: "அக்கா, அவர் திரும்ப நடக்குற வாய்ப்பு ரொம்ப ரொம்பக் குறைவு. ஆனா அவர் உட்காரணும், சக்கர நாற்காலியில வெளியே போகணும், சம்பாதிக்கணும். அதுக்குக் கிட்னியும் தோலும் நல்லா இருக்கணும்." ரெண்டு மணி நேரத்துக்கு ஒரு தடவை திருப்பிப் படுக்க வைக்கிறது, 4-6 மணி நேரத்துக்கு ஒரு தடவை சுத்தமா டியூப் விட்டு சிறுநீர் எடுக்கிறது, தினமும் இடுப்பு, குதிகால்ல புண் இருக்கான்னு பாக்குறது. பிசியோதெரபிக்கு 'மக்களைத் தேடி மருத்துவம்' வீட்டுக்கே வரும்.

11/ அழுதுட்டுப் போனாங்க. ரெண்டு நாள் கழிச்சு, டியூப் எப்படி விடுறதுன்னு கத்துக்க மகனையும் கூட்டிட்டு வந்தாங்க. நிலத்தைப் பத்தி நான் கேக்கல. கிளம்பும்போது அவங்களே சொன்னாங்க: "அட்வான்ஸைத் திருப்பிக் கொடுத்துட்டோம் சார்."

12/ ஜெல் ஆய்வு தொடரட்டும். ஒருநாள் அந்த ஊசி நம்ம ஜி.எச்.சுக்கும் வரணும்னுதான் எனக்கும் ஆசை. அதுவரைக்கும் உங்க டாக்டர் "பார்க்கலாம்"னு சொன்னா விடாதீங்க. "நடப்பாரா, மாட்டாரா? நாங்க என்ன பண்ணணும்?"னு நேரா கேளுங்க. சொல்ல வேண்டியது எங்க கடமை.