நான்கா, இரண்டா?

அக்டோபர் மாதத்து சனிக்கிழமைக் காலை. அமெரிக்காவின் மினசோட்டா மாநிலத்தில், மினியாபோலிஸ் நகரின் புறநகர் ஒன்றில் உள்ள டிரெய்லர் கடை முற்றத்தில் ஒரு தம்பதி நிற்கிறார்கள். அவருக்கு வயது 58. கையில் அளவு நாடா. மனைவியின் கையில் சின்ன நோட்டுப் புத்தகம். எதிரே, சக்கரம் பூட்டிய அலுமினியப் பெட்டிகள் வரிசையாக நிற்கின்றன. அவர் நேராக நடந்து போய் நின்றது இருப்பதிலேயே நீளமான பெட்டிக்கு முன்னால். நான்கு ஸ்னோமொபைல்களை ஏற்றக்கூடியது. வீட்டில் இருப்பதும் நான்கு. இதில் யோசிக்க என்ன இருக்கிறது என்பது அவர் கட்சி. நிறைய இருக்கிறது என்பது மனைவியின் கட்சி.

முன்னால் இரண்டு சறுக்குப் பலகைகள், பின்னால் சுழலும் ரப்பர் பட்டை, நடுவில் மோட்டார் சைக்கிள் போன்ற இருக்கை. இதுதான் ஸ்னோமொபைல். குல்மார்க் போனவர்கள் பார்த்திருப்பார்கள். அங்கே அது சுற்றுலாப் பயணிகளின் அரை மணி நேரக் குதூகலம். வட அமெரிக்காவின் பனிப் பிரதேசத்திலோ அது அவசியத்திலிருந்து பிறந்தது. கனடாவின் கியூபெக் மாநிலத்தில் 1934 ஜனவரியில் ஜோசப் அர்மான் பொம்பார்டியே என்ற மெக்கானிக்கின் இரண்டு வயது மகனுக்குக் குடல்வால் அழற்சி. சாலையெங்கும் பனி. ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோக வழியில்லை. குழந்தை இறந்துபோனது. பனியில் ஓடும் வண்டிக்காக ஏற்கனவே உழைத்துக்கொண்டிருந்த அந்தத் தந்தை அதன் பிறகு ஓயவில்லை. 1959இல் அவர் விற்பனைக்குக் கொண்டுவந்த சிறிய வண்டிதான் 'ஸ்கி-டூ'. மினசோட்டாவுக்கும் இதில் பங்குண்டு. போலாரிஸ், ஆர்க்டிக் கேட் இரண்டும் அதன் வடகோடிச் சிற்றூர்களில் பிறந்தவை. மாநிலத்தில் ஸ்னோமொபைல் தடங்களின் நீளம் மட்டும் 35,000 கி.மீ.

இருபது வருடங்களுக்கு முன் இந்தத் தம்பதிக்கு டிரெய்லர் பற்றிய கவலையே கிடையாது. கராஜ் கதவைத் திறந்து, வண்டியைக் கிளப்பி, தெருக்கோடியில் தடத்தைப் பிடித்துவிடுவார்கள். இப்போது வாசலில் பனி விழும் என்று நம்பி இருக்க முடிவதில்லை. 2023-24 குளிர்காலம் மினியாபோலிஸ் பகுதியில் அதுவரை பதிவானவற்றிலேயே மிக வெப்பமானது. வடக்கே டுலூத் அருகே நடக்கும் புகழ்பெற்ற ஜான் பியர்கிரீஸ் நாய்வண்டிப் பந்தயமே 2024இல் பனி இல்லாமல் ரத்தானது. பனி வராவிட்டால் பனி இருக்கும் இடத்துக்குப் போக வேண்டியதுதான். அவர்கள் போக நினைப்பது மிச்சிகன் மாநிலத்தின் கீவீனா தீபகற்பம். சுப்பீரியர் ஏரியைக் கடந்து வரும் குளிர்காற்று ஈரத்தை அள்ளிக்கொண்டு வந்து அங்கே பனியாகக் கொட்டுகிறது. 1978-79இல் அங்கே பெய்த பனி 991 செ.மீ. ஆனால் போய்ச் சேர ஆறு மணி நேரத்துக்கு மேல் கார் ஓட்ட வேண்டும்.

இதுவரை அவர்களிடம் இருந்தது திறந்த டிரெய்லர். விலை மலிவு, எடை குறைவு. ஆனால் பனி உருகுவதற்காகச் சாலையில் தூவும் உப்பு, சேறோடு சேர்ந்து வண்டிகளின் மேல் அப்பிக்கொள்ளும். இரும்பு பாகங்களை அரிக்கும். இரவில் ஓட்டல் வாசலில் நிறுத்திவிட்டு, திருட்டு பயத்தில் தூக்கம் வராது. மூடிய பெட்டியில் இந்தத் தொல்லைகள் குறைவு. உடை மாற்றக்கூட இடம் கிடைக்கும்.

விற்பனையாளர் உள்ளே அழைத்துப் போய்க் காட்டுகிறார். பின்கதவு கீழே சாய்ந்து சரிவுப் பாதையாகிறது. முன்பக்கத்திலும் அதே போல் ஒரு கதவு. பின்னால் ஏற்றி முன்னால் இறக்கலாம். பழைய ஸ்னோமொபைல்களுக்கு ரிவர்ஸ் கியர் கிடையாது என்பதால் இது பெரிய சௌகரியம். சறுக்குப் பலகையின் அடியில் உள்ள உலோக விளிம்பு தரையைச் சுரண்டாமல் இருக்க பிளாஸ்டிக் பட்டைகள். மேலே காற்றுத் துவாரங்கள். உருகும் பனியின் ஈரம் வெளியேற மட்டுமல்ல, பெட்ரோல் ஆவி தங்காமல் இருக்கவும் அவை வேண்டும். மூடிய பெட்டிக்குள் இன்ஜினை ஓட விட்டால் வாசனையே இல்லாத கார்பன் மோனாக்சைடு ஆளைக் கொன்றுவிடும்.

அவர் முகத்தில் திருப்தி. அப்போதுதான் மனைவி நோட்டுப் புத்தகத்தைத் திறக்கிறார்.

கணக்கு எளிமையானது. பெட்ரோலோடு ஒரு ஸ்னோமொபைல் சுமார் 250 கிலோ. நான்கு என்றால் 1,000. பெட்டி இன்னொரு 1,000. ஹெல்மெட், உடை, கருவிகள், பெட்ரோல் கேன்கள் 200. மொத்தம் 2,200 கிலோ. அவர்களுடைய கார் இழுக்கக்கூடியது 5,000 பவுண்டு, அதாவது சுமார் 2,270 கிலோ. "பார்த்தாயா, இழுக்குமே!" என்கிறார் அவர்.

மனைவி அடுத்த பக்கத்தைப் புரட்டுகிறார். டிரெய்லரின் மூக்கு காரின் கொக்கியை அழுத்தும் எடை, மொத்தத்தில் 10 முதல் 15 சதவீதம் இருக்க வேண்டும். இங்கே அது 220 முதல் 330 கிலோ. அவர்கள் காரின் கொக்கி தாங்குவதோ 227 கிலோதான். மீறினால் காரின் பின்பக்கம் தாழ்ந்து, முன் சக்கரங்களின் பிடி தளரும். பனிக்கட்டி படர்ந்த சாலையில் திருப்புவதற்கு அந்தப் பிடிதான் ஆதாரம். சரி, பாரத்தைப் பின்னால் தள்ளி வைக்கலாம் என்றால் டிரெய்லர் வாலாட்டத் தொடங்கும். போதாததற்கு, உயரமான பெட்டியின் மேல் பக்கக் காற்று வேறு மோதும்.

வாலாட்டம் பற்றி அவருக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. இரண்டு வருடங்களுக்கு முன் ஒரு மாலை, பாரம் சரியாக ஏற்றப்படாத திறந்த டிரெய்லர் பனிக்கட்டியில் இடமும் வலமும் ஆடி, காரையும் இழுத்துக்கொண்டு சாலையின் குறுக்கே போய் நின்றது. எதிரே வண்டி எதுவும் வரவில்லை. அதனால் பிழைத்தார்கள். அன்று பாரம் ஏற்றியவர் அவர். ஓட்டியவர் மனைவி. வீடு வந்து சேரும்வரை இருவரும் பேசவில்லை. அதற்குப் பிறகும் அதிகம் பேசவில்லை. நோட்டுப் புத்தகம் மட்டும் வந்தது.

பெரிய டிரக் வாங்கிவிட்டால் சிக்கல் தீரும். அதற்கும் பதில் வைத்திருக்கிறார் மனைவி. பதில் அல்ல, கேள்வி. "நான்கு வண்டியில் யார் போகப் போகிறார்கள்?"

இரண்டு வண்டிகள் அவர்களுடையவை. மூன்றாவது மகனுடையது. அவன் டெக்சாஸில் வேலை பார்க்கிறான். பனியில் வண்டி ஓட்டி நான்கு வருடமாகிறது. நான்காவது அவருடைய அப்பா 1970களில் வாங்கியது. அப்பா இல்லை. அந்த வண்டி நன்றாகக் கிளம்பினால் அன்று அதிர்ஷ்டம். அளவு நாடாவை மடக்கிப் பையில் போட்டுக்கொள்கிறார் அவர். எதற்காக நான்கு என்று மனம் அடம் பிடித்தது என்பது அவருக்கே அப்போதுதான் புரிகிறது போலிருக்கிறது. அளந்துகொண்டிருந்தது வண்டிகளை அல்ல, ஒரு காலத்தில் வீட்டில் இருந்தவர்களை.

கடைசியில் வாங்கியது இரண்டு வண்டிக்கான பெட்டி. அதன் எடை சுமார் 600 கிலோ. எல்லாம் சேர்த்து 1,200க்குள் அடங்கும். கொக்கியின் மேல் 180 கிலோவுக்கு மேல் போகாது. மினசோட்டாவில் 3,000 பவுண்டும் அதற்கு மேலும் உள்ள டிரெய்லருக்குத்தான் பிரேக் கட்டாயம். சட்டம் கேட்டாலும் கேட்காவிட்டாலும் பிரேக் வேண்டும் என்று மனைவி சொல்கிறார். அவர் மறுக்கவில்லை. பாரத்தை அச்சுக்குச் சற்று முன்னால் வைத்துக் கட்ட வேண்டும் என்று விற்பனையாளர் சொல்லும்போது, இருவரும் ஒரே சமயத்தில் தலையாட்டுகிறார்கள்.

மகனின் வண்டியை விற்பது பற்றி அவனிடமே கேட்டுக்கொள்ளலாம். அப்பாவின் வண்டி கராஜிலேயே இருக்கட்டும் என்று முடிவாகிறது. என்றாவது ஒரு ஜனவரியில் பழையபடி வாசல்வரை பனி கொட்டினால் அதைக் கிளப்பிப் பார்க்கலாம். அதற்கு டிரெய்லர் தேவையில்லை.