அப்பாவின் முதுகும் ஒரு செல்போனும்

அப்பா லாரி டிரைவர். டிஸ்க் ஆபரேஷன் முடிந்து நல்லம்பள்ளி வீட்டுக்கு வந்தும் வலி விடவில்லை. சேலம் வரை பஸ்ஸில் உட்கார முடியாதே! அதனால் செல்போனிலேயே மனக்கவனப் பயிற்சி.

"கண்ண மூடுனா வலி போயிடுமாடா?" என்று சிரித்தார். எனக்கும் சந்தேகம்தான். 1979-ல் அமெரிக்காவின் மாசசூசெட்ஸில் ஜான் கபாட்-சின் தொடங்கிய 8 வாரப் பயிற்சி இது. (மூலச்சரக்கு புத்தருடையது. சுற்றிக்கொண்டு நம்மிடமே வந்திருக்கிறது!)

வலியை விரட்டச் சொல்லவில்லை. கால்விரலிலிருந்து தலைவரை ஒவ்வொரு இடமாகக் கவனிக்க வேண்டும், அவ்வளவுதான். இடுப்பு வந்ததும் அப்பா மூச்சைப் பிடித்துக்கொள்வார். அது அவருக்கே தெரிய இரண்டு வாரம் ஆனது.

ஐந்தாவது வாரம் சொன்னார்: "வலி பாதிதான்டா. மறுபடி வண்டி ஓட்ட முடியுமாங்கற பயம் மீதி." அம்மா எழுந்து அடுப்படிக்குப் போய்விட்டார்.

மாத்திரையும் பிசியோதெரபியும் தொடர்கின்றன. வலியும் இருக்கிறது. நேற்று ராத்திரி என்னை எழுப்பாமல், தானே எழுந்து போய்த் தண்ணீர் குடித்திருக்கிறார்.