சிதைத்த சிற்றில்

கிறிஸ்து பிறப்பு விழாவுக்கு ஒரு வாரம் இருக்கையில், பரணிலிருந்து குடில் பெட்டியை இறக்குவது எங்கள் இல்லத்து வழக்கம். களிமண் ஆடுகள், ஒரு காது உடைந்த கழுதை, நிறம் மங்கிய மூன்று அரசர்கள் என்று ஒவ்வொன்றாய்த் தூசு தட்டி எடுத்து வைப்போம். சென்ற ஆண்டும் அவ்வாறே எடுத்துவைத்துக் கொண்டிருந்தோம். அப்போது எங்கள் மகன் தன் அறையிலிருந்து எதையோ உள்ளங்கையில் ஏந்தி வந்து, "இதையும் ஓரமா வைக்கலாமாப்பா?" என்று கேட்டான். சாண் உயரம்கூட இல்லாத ஒரு வீடியோ விளையாட்டுப் பெட்டி. அதன்முன் நிற்கும் சிறுவன் பொம்மை ஒன்று. கேட்டவனோ நாற்பது வயதைக் கடந்தவன். உடனே விடை சொல்ல எங்களால் இயலவில்லை. ஏன் இயலவில்லை என்பதைத்தான் வாசக அன்பர்களோடு பகிர்ந்துகொள்ள விரும்புகிறோம்.

இராசபாளையத்தில் எங்களோடு வாழும் இம்மகனுக்குச் சில ஆண்டுகளாக ஒரு பொழுதுபோக்கு உண்டு. கை, கால், கழுத்து மூட்டுகளை மடக்கி, விரும்பிய நிலையில் நிறுத்தக்கூடிய பொம்மைகளைச் சேர்க்கிறான். 'ஆக்‌ஷன் ஃபிகர்' என்பது இவற்றின் பெயர். 1964-இல் அமெரிக்காவின் ஹாஸ்ப்ரோ நிறுவனம் ஜி.ஐ. ஜோ என்னும் போர்வீரர் பொம்மையை வெளியிட்டபோது, பொம்மை என்றால் ஆண்பிள்ளைகள் தொடமாட்டார்கள் என்றெண்ணிச் சூட்டிய புதுப்பெயர் அது. பெயரை மாற்றினாலும் பொம்மை பொம்மைதானே என்று நாங்கள் நகைத்ததுண்டு.

இரவு உணவுக்குப்பின் அவன் அறையில் வேலை தொடங்கும். உண்மையின் பன்னிரண்டில் ஒரு பங்கு என்பது அவன் கணக்கு. ஆறடி மனிதன் ஆறங்குலம் ஆகிவிடுவான். ஐந்தரை அடி விளையாட்டுப் பெட்டி ஐந்தரை அங்குலத்தில் அடங்கும். பெட்டியை அட்டையில் தானே வெட்டி ஒட்டுகிறான். திரை இருக்கவேண்டிய இடத்தில் மெல்லிய தாளை ஒட்டி, அதன் பின்னே சிறு விளக்கை வைத்தால், நீல ஒளி பொம்மையின் முகத்தில் விழுகிறது. மேலிருந்து வரும் வெளிச்சம் கடுமையாய் இராதபடி, அருகிலுள்ள சத்திரப்பட்டியில் நெய்யும் பேண்டேஜ் துணியை மேசை விளக்கின்முன் திரைபோல் கட்டுகிறான். பொம்மையின் பாதம் நழுவாதிருக்க ஒரு சொட்டு மெழுகு. கடைக்குள் புகை மண்டியது போலத் தோன்றச் சிறிது சாம்பிராணி. பிறகு தரையில் மண்டியிட்டு, கேமராவைப் பொம்மையின் கண்மட்டத்துக்குத் தாழ்த்திப் படம் எடுக்கிறான். "நின்ற இடத்திலிருந்து எடுத்தால் பொம்மையாத்தான் தெரியும். அதோட கண் உயரத்துக்கு நாம இறங்கினாத்தான் மனுசனாத் தெரியும்," என்று ஒருமுறை சொன்னான். அதன் பொருள் அன்று எங்களுக்கு விளங்கவில்லை.

இனி, முப்பது ஆண்டுகளுக்கு முந்தைய கதையைச் சொல்லவேண்டும்.

அப்போது அவன் பன்னிரண்டு வயதுச் சிறுவன். நாள்தோறும் பேருந்தேறி ஸ்ரீவில்லிபுத்தூருக்குப் படிக்கச் சென்று வந்தான். பேருந்து நிறுத்தத்துக்கு அருகில் ஒரு வீடியோ விளையாட்டுக் கடை. ஜப்பானில் 1978-இல் 'ஸ்பேஸ் இன்வேடர்ஸ்', 1980-இல் 'பேக்மேன்' என்று புறப்பட்ட அவ்வலை, தொண்ணூறுகளில் எங்கள் பக்கத்துச் சிற்றூர்களையும் எட்டியிருந்தது. 1993-இல் கேப்காம் நிறுவனம் வெளியிட்ட 'காடிலாக்ஸ் அண்ட் டைனோசர்ஸ்' என்னும் விளையாட்டை நம் பிள்ளைகள் அப்பெயரால் அழைத்ததில்லை. அதில் வரும் வீரன் ஒருவனின் பெயரால் 'முஸ்தபா கேம்' என்பார்கள். ஒரு ரூபாய் நாணயத்தைப் போட்டால் முஸ்தபா ஓடுவான், உதைப்பான், வீழ்வான். வீழ்ந்தால் இன்னொரு ரூபாய் வேண்டும்.

எங்கள் வருமானமோ பஞ்சாலைக் கூலி. சட்டைப்பையில் வைத்த நாணயங்கள் குறைந்தன. ஒருநாள் பொழுது சாய்ந்தும் பிள்ளை வீடு திரும்பவில்லை. பதறிப்போய்ப் பேருந்தேறிச் சென்று தேடினோம். அந்தக் கடைவாசலில் அவனுடைய செருப்பு கிடந்தது. உள்ளே நுழைந்து, எல்லாரும் பார்க்க அவனை அடித்து இழுத்து வந்தோம். அத்தோடு நின்றிருந்தால் அது பெற்றோரின் கண்டிப்பு என்றாவது சொல்லிக்கொள்ளலாம். வீட்டுக்கு வந்து அவன் புத்தகப் பையைக் கொட்டியபோது, பால்கோவா அட்டைப்பெட்டியையும் தீப்பெட்டிகளையும் ஒட்டி அவன் செய்திருந்த ஒரு சின்னஞ்சிறு விளையாட்டுப் பெட்டி வந்து விழுந்தது. ஊக்குத் தலையில் பொத்தான்கள். மிட்டாய்த் தாளில் வண்ணத்திரை. கையில் காசில்லாத நாளில் அவன் தனக்கென்று செய்துகொண்ட கடை அது. அதைக் காலால் மிதித்து நசுக்கி, அடுப்பில் போட்டோம். மிதித்தவர் யார், தடுக்காமல் நின்றவர் யார் என்று இப்போது பிரித்துப்பார்க்க எங்களுக்கு மனமில்லை. இருவரும் சேர்ந்தே செய்தோம். அவன் அழவில்லை. அடுப்பையே பார்த்துக்கொண்டு நின்றான். அதற்குப்பின் அவன் எதையும் செய்து எங்களிடம் காட்டியதில்லை.

குடிலின் ஓரத்தில் வைக்கலாமா என்று அவன் கேட்ட அந்த இரவில், அவன் எடுத்த படங்களை முதன்முறையாக அமர்ந்து பார்த்தோம். ஒரு படத்தில் கைகள் நின்றுவிட்டன. மங்கலான கடை, நீல வெளிச்சம், பெட்டியின்முன் சிறுவன். அவனுக்குப் பின்னால் ஒரு பெரியவரும் ஓர் அம்மாவும் நிற்கிறார்கள். அந்தப் பெரியவர் குனிந்து, சிறுவனின் தோளுக்குமேல் திரையைப் பார்க்கிறார். "இவங்க யாருப்பா?" என்று கேட்டோம். "கூட வந்தவங்க," என்று மட்டும் சொன்னான். குற்றச்சாட்டு ஏதும் அவன் குரலில் இல்லை. இருந்திருந்தால் எங்களுக்கு எளிதாயிருந்திருக்கும்.

ஸ்ரீவில்லிபுத்தூர் மண்ணில் இதை நாங்கள் முன்பே கற்றிருக்க வேண்டும். அவ்வூரின் மகளாகிய ஆண்டாள் நாச்சியார் திருமொழியின் இரண்டாம் பகுதி முழுவதும் மணல்வீடு பற்றிய முறையீடே அன்றோ? உடல் நோக உட்கார்ந்து கட்டிய சிறுவீட்டைக் காலால் அழித்துவிடாதே என்று சிறுமியர் கண்ணனிடம் மன்றாடுகின்றனர். ஆண்பாற் பிள்ளைத்தமிழில் 'சிற்றில்' தனிப் பருவமாகவே அமைந்துள்ளது. நம் முன்னோர் மணல்வீட்டை வெறும் மணல் என்று கருதவில்லை. அதைக் காக்கும்படி இறைவனிடமே முறையிடலாம் என்று கருதினர். நாங்களோ அதே ஊரில் படித்த ஒரு பிள்ளையின் சிற்றிலை மிதித்தோம். காசு திருடியதைக் கண்டித்தது தவறன்று என்றே இன்றும் எண்ணுகிறோம். சிற்றிலைச் சிதைத்ததுதான் தவறு. இரண்டுக்கும் உள்ள வேறுபாடு அன்று எங்கள் கண்ணுக்குத் தெரியவில்லை.

பொம்மைகளை வைத்து வாழ்வைக் கட்டி எழுப்பியவர் கதை ஒன்றை மகன்தான் எங்களுக்குச் சொன்னான். அமெரிக்காவின் நியூயார்க் மாநிலத்தில் கிங்ஸ்டன் நகரவாசி மார்க் ஹோகன்காம்ப். 2000-ஆம் ஆண்டு ஏப்ரலில் ஐவர் அவரைக் கொடூரமாகத் தாக்கினர். ஒன்பது நாள் நினைவின்றிக் கிடந்தார். விழித்தபோது தம் கடந்தகாலத்தின் பெரும்பகுதியை மறந்திருந்தார். நடக்கவும் எழுதவும் மீண்டும் கற்கவேண்டியதாயிற்று. பண உதவி நின்று சிகிச்சையும் நின்றபின், தம் வீட்டுப் புறக்கடையில், உண்மையின் ஆறில் ஒரு பங்கு அளவில், 'மார்வென்கோல்' என்னும் ஒரு கற்பனை ஊரை அமைத்தார். பொம்மைகளை அங்கே குடியேற்றி, நிற்கவும் வீழவும் எழவும் வைத்துப் படம் எடுத்தார். தம்மை ஒரு பொம்மையாகவும், தாக்கியவர்களைப் பகைவர் பொம்மைகளாகவும் ஆக்கினார். 2010-இல் வெளிவந்த ஆவணப்படம் அவர் கதையை உலகறியச் செய்தது. நிகழ்ந்ததை மாற்ற யாராலும் முடியாது. ஆயினும், நிகழ்ந்திருக்க வேண்டியதைச் சிறிய அளவிலேனும் நிற்கவைத்துப் பார்க்க மனிதனுக்கு ஒரு மேசையும் சில பொம்மைகளும் போதும் என்று அறிந்தோம்.

நம் குடிலும் அப்படித்தானே? 1223-இல் கிரேச்சோ என்னும் சிற்றூரில் புனித பிரான்சிஸ் அசிசியார் வைக்கோலும் மாடும் கழுதையும் கொண்டு பெத்லகேமைக் கண்முன் நிறுத்தினார். அதே கிரேச்சோவில் 2019 டிசம்பர் முதல் நாளன்று, மறைந்த திருத்தந்தை பிரான்சிஸ் குடிலைப் பற்றிய திருத்தூது மடலில் கையொப்பமிட்டார். நற்செய்தியோடு தொடர்பில்லாத உருவங்களைக் குழந்தைகளும் பெரியவர்களும் குடிலில் சேர்ப்பதை அம்மடல் கடியவில்லை. அன்றாட வாழ்வின் யாவும் அங்கே இடம்பெறத் தக்கவை என்றே அது பரிவோடு காண்கிறது.

அன்றிரவு நாங்கள் ஆடுகளைச் சற்றுத் தள்ளிவைத்தோம். குடிலின் இடப்பக்கம், இடையர்களுக்கு அருகில், விளையாட்டுப் பெட்டிக்கு இடம் கிடைத்தது. மகன் சிறுவனை நிறுத்தி, பாதத்தில் மெழுகு ஒட்டினான். பிறகு தயங்கி, அந்தப் பெரிய பொம்மைகள் இரண்டையும் எங்கள் கையில் கொடுத்தான். மூட்டுகளை வளைக்க எங்கள் முதிய விரல்களுக்குத் தெரியவில்லை. அவன் சொல்லித் தந்தான். முதுகு குனிய, ஒரு கை சிறுவனின் தோளைத் தொட, அவர்களை அவன் பின்னால் நிறுத்தினோம்.

சரியாய் நிற்கிறார்களா என்று பார்க்க, முழங்கால் வலியோடு, நாங்களும் தரையில் மண்டியிட்டோம்.