இரண்டு கோடி வயதுக்காரர்களைப் பார்க்கப் போனோம்

பணி ஓய்வு பெற்றவன் ஊர் சுற்றுவதில் ஒரு வசதி உண்டு. விடுப்பு விண்ணப்பம் எழுத வேண்டியதில்லை. வீட்டில் வாய்மொழி உத்தரவு போதும். அதுவும் "வரும்போது கறிவேப்பிலை வாங்கிட்டு வாங்க" என்ற நிபந்தனைக்கு உட்பட்டுத்தான் கிடைக்கும்.

போன ஜனவரியில் பாரிஸிலிருந்து என் பால்ய நண்பன் வந்திருந்தான். புதுச்சேரியில் பிரெஞ்சு வழியில் ஒரே பெஞ்சில் உட்கார்ந்து படித்தவர்கள் நாங்கள். அவன் பேசும் தமிழ் 1964இல் கப்பல் ஏறிய தமிழ். இன்றைக்கும் நகராட்சி அலுவலகத்தை 'மேரி' என்பான், பட்டாளத்துக்காரரை 'சொல்தா' என்பான். "கடற்கரை, ஆரோவில் எல்லாம் பார்த்தாச்சுடா. உன் ஊர்ப் பக்கம் ஏதாவது காட்டு" என்றான். என் ஊர் திண்டிவனம். சுற்றுலாப் பயணிகள் தூங்கிக்கொண்டே கடந்து போகும் ஊர். சென்னைக்கும் திருச்சிக்கும் இடையில் டீ குடிக்க இறங்குவார்கள், அவ்வளவுதான்.

பேருந்து நிலையத்தில் காத்திருந்தபோது ஊர்ப் பெயருக்கு அர்த்தம் கேட்டான். திந்திரிணி வனம், அதாவது புளியங்காடு என்றேன். சுற்றிலும் பார்த்தான். செல்போன் கடை, பிரியாணிக் கடை, நகைக்கடன் விளம்பரம். "புளியமரம் எங்கேடா?" சாலையை அகலப்படுத்தியபோது போய்விட்டன என்றேன். "பெயரை மட்டும் அகலப்படுத்தலை போல" என்றான். அவனிடம் குசும்பு மட்டும் நாடு மாறவில்லை.

நான் அழைத்துப் போனது திருவக்கரைக்கு. வானூர் வட்டம், விழுப்புரம் மாவட்டம். பெரும்பாலோருக்கு அந்த ஊர் வக்கிரகாளியம்மன் கோயிலால் தெரியும். பௌர்ணமி இரவில் ஜோதி பார்க்க வரும் கூட்டத்தில் கால் வைக்க இடம் இருக்காது. உள்ளே இருக்கும் சந்திரமௌலீசுவரர் சம்பந்தரின் பாடல் பெற்றவர். கோயிலுக்கு வருகிறவர்களில் நூற்றில் ஒருவர்கூடப் பக்கத்திலேயே இருக்கும் கல்மரப் பூங்காவுக்குள் எட்டிப் பார்ப்பதில்லை. காரணம் எளிது. அம்மனிடம் கேட்டால் ஏதாவது கிடைக்கும். கல்மரத்திடம் என்ன கேட்பது?

நாங்கள் போனது பௌர்ணமி இல்லாத நாள். பூங்காவில் காவலாளி, ஒரு நாய், நாங்கள் இருவர். இந்தியப் புவியியல் ஆய்வுத் துறை 1940இல் ஏற்படுத்திய பூங்கா இது. மொத்தம் 247 ஏக்கர், ஒன்பது பகுதிகளாகப் பிரிந்து கிடக்கிறது. நாம் பார்க்கக் கிடைப்பது அதில் கொஞ்சம்தான். செம்மண் மேட்டில் பெரிய பெரிய அடிமரங்கள் படுத்திருக்கின்றன. தூரத்திலிருந்து பார்த்தால் விறகுக் கடை மாதிரி இருக்கும். கிட்டே போய்த் தட்டினால் கல். வயது சுமார் இரண்டு கோடி ஆண்டு. மண்ணுக்குள் புதைந்த மரத்தில் மணல்சத்து, அதாவது சிலிக்கா, கரைந்த நீர் ஊறி, மரம் மட்க மட்க அந்த இடத்தில் கல் உட்கார்ந்துவிட்டதாம். வரிவளையம், கணு எல்லாம் அப்படியே தெரிகின்றன. ஓர் எழுத்துக்கூடப் பிசகாமல் பிரதி எடுத்திருக்கிறது இயற்கை. நான் வேலை பார்த்த அலுவலகத்துத் தட்டச்சர்களுக்கு அந்தப் பொறுமை இருந்ததில்லை. இந்த மரங்களில் புளியமரத்தின் உறவுக்கார வகையும் உண்டு. திண்டிவனத்தில் தொலைந்த உறவினரைத் திருவக்கரையில் கண்டுபிடித்த மாதிரி ஆயிற்று.

இந்தக் கல்மரங்களை 1781இல் முதன்முதலாக உலகுக்குச் சொன்னவர் ஒரு பிரெஞ்சுக்காரர், லியோனில் பிறந்த பியேர் சொன்னெரா. நம் காட்டுக்கோழிக்கு விஞ்ஞானிகள் வைத்த பெயரிலும் அவர் ஒட்டிக்கொண்டிருக்கிறார், காலஸ் சொன்னெராட்டி என்று. இதைச் சொன்னதும் நண்பன் நின்றுவிட்டான். "நம்ம ஸ்கூல்ல இதை ஏன்டா சொல்லலை?" நியாயமான கேள்வி. சேன் நதி எங்கே பிறந்து எங்கே கடலில் சேர்கிறது என்பதைத் தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் சொல்வோம். வராக நதி என்கிற சங்கராபரணி எங்கே ஓடுகிறது என்று யாரும் கேட்டதில்லை, நாங்களும் சொன்னதில்லை. அந்த ஆறு திருவக்கரை வழியாகத்தான் ஓடுகிறது.

காவலாளி எங்களுக்கு வேறொரு பாடம் எடுத்தார். "கெளை, எலை ஒண்ணாவது இருக்குதா பாருங்க. இருக்காது. இதெல்லாம் இங்க மொளைச்ச மரம் இல்லீங்க. எங்கியோ மொளைச்சி, வெள்ளத்துல அடிச்சிகினு வந்து இங்க ஒதுங்கினது." ஆய்வாளர்கள் சொல்வதும் அதுதான். அந்த நேரம் பார்த்துத் தொலைவில் கல்குவாரியில் வெடிச் சத்தம் கேட்டது. வேலிக்கு உள்ளே கல்லைத் தொட்டால் தப்பு. வேலியைத் தாண்டிக் கொஞ்ச தூரம் போனால் கல்லை உடைத்து ஜல்லியாக்கி லாரியில் ஏற்றுகிறார்கள். கல்லாகப் பிறந்தாலும் சர்வே எண் நல்லதாக அமைய வேண்டும் போலிருக்கிறது.

நிழலில் உட்கார்ந்தோம். நண்பன் ஒரு மரத்தையே பார்த்துக்கொண்டிருந்தான். "நம்ம ரெண்டு பேர்ல வெள்ளத்துல போனது யாருடா?" என்றான்.

புதுச்சேரிக்காரர்களுக்கு இது புரியும். மற்றவர்களுக்காகச் சொல்கிறேன். 1962 ஆகஸ்ட் 16 அன்று பிரெஞ்சுப் பகுதிகள் சட்டப்படி இந்தியாவுடன் சேர்ந்தன. அங்கே பிறந்து அங்கேயே வசித்தவர்கள் பிரெஞ்சுக் குடியுரிமை வேண்டுமென்றால் ஆறு மாதத்துக்குள் எழுதிக் கொடுக்க வேண்டும். கொடுக்காதவர்கள் இந்தியர்கள். 'ஒப்சியோன்' என்று வீட்டுக்கு வீடு இதே பேச்சு. அவன் அப்பா கையெழுத்துப் போட்டார். என் அப்பாவிடமும் வந்து சொன்னார். அப்பா, "மழைக்காலம் முடியட்டும், பார்க்கலாம்" என்றார். மழைக்காலம் முடிந்தது. ஆறு மாதமும் முடிந்தது. பிற்பாடு அதை நாட்டுப்பற்று என்று சொல்லிக்கொண்டார். அம்மா மறுத்ததில்லை, ஆனால் ஒரு மாதிரியாகச் சிரிப்பாள். அவன் பாரிஸ் போனான். நான் தாய்மாமன் வீட்டுக்குத் திண்டிவனம் வந்து, ஆங்கிலமும் ஆட்சித் தமிழும் புதிதாகக் கற்று எழுத்தர் ஆனேன். அவன் ஒவ்வொரு முறை வந்து போகும்போதும், அந்த ஒரு கையெழுத்தை நினைத்து எனக்கு வயிறு எரிந்தது உண்டு. இந்த வயதில் ஒப்புக்கொள்வதில் வெட்கம் இல்லை.

"அவ போய் ரெண்டு வருஷம் ஆச்சு. பிள்ளைங்க ஞாயிற்றுக்கிழமை போன் பண்றாங்க. திரும்பி வந்து இங்கேயே இருந்துடலாமான்னு பார்க்கிறேன். நீ என்ன சொல்றே?" என்றான்.

நான் என்ன சொன்னேன் தெரியுமா? விசா வசதியைப் பார்க்க வேண்டும், அங்கே கிடைக்கும் மருத்துவ வசதி இங்கே கிடைக்குமா, வாடகை எவ்வளவு, பென்ஷன் இங்கே வருமா, வருடா வருடம் உயிரோடு இருப்பதாகச் சான்று அனுப்ப வேண்டுமே, எல்லாவற்றையும் சீர்தூக்கிப் பார்த்துத்தான் முடிவெடுக்க வேண்டும் என்றேன். முப்பது வருடத்துக்கு மேல் குறிப்பு எழுதிய கை. சாதகம், பாதகம் இரண்டையும் எழுதிவிட்டு 'தக்க ஆணைக்காகப் பணிந்து சமர்ப்பிக்கப்படுகிறது' என்று முடித்துப் பழகிவிட்டது. அவன் பொறுமையாகக் கேட்டுவிட்டு, "உங்க அப்பா மாதிரியே பேசறே" என்றான். இரண்டு பேரும் சிரித்தோம். பேருந்தில் திரும்பும்போது அதிகம் பேசிக்கொள்ளவில்லை.

கறிவேப்பிலையை மறந்துவிட்டேன். அதற்கான விளக்கக் குறிப்பாணை வீட்டில் தனியாக வழங்கப்பட்டது.

இரவு படுத்தபோதுதான் உறைத்தது. அவன் கேட்டது விசாவைப் பற்றி அல்ல. 'வாடா' என்று ஒருவன் சொல்வானா என்றுதான் கேட்டான். அந்த ஒரு வார்த்தை என் வாயில் வராமல் தடுத்தது முன்யோசனை இல்லை. 'போனவன்தானே, இப்போது மட்டும் என்ன?' என்று அறுபது வருடமாக உள்ளே கிடந்து இறுகிப்போன ஒன்று. கல்மரம் பார்க்கத் திருவக்கரைக்கே போயிருக்க வேண்டியதில்லை.

போகிறவர்களுக்கு ஒரு யோசனை: பௌர்ணமியைத் தவிர்த்து, காலையிலேயே போங்கள். குடையும் தண்ணீரும் எடுத்துப் போங்கள். காவலாளியிடம் பேச்சுக் கொடுங்கள், பலகையில் இல்லாததும் கிடைக்கும். கூட வருகிறவர் ஏதாவது கேட்டால், அங்கேயே பதில் சொல்லிவிடுங்கள்.

அவன் பிப்ரவரியில் திரும்பிப் போனான். போனில் பேசினோம், குளிரைப் பற்றியும் முழங்காலைப் பற்றியும். அந்தப் பேச்சை அவன் எடுக்கவே இல்லை. போன வாரம் நானே ஒரு கடிதம் எழுதித் தபாலில் போட்டேன். பிரெஞ்சில் கடிதம் எழுதிப் பல வருடம் ஆகிவிட்டதால் அகராதியைப் பக்கத்தில் வைத்துக்கொண்டேன். கடைசியில் அது தேவைப்படவில்லை. மாடி அறை காலியாக இருக்கிறது, வந்துவிடு என்று தமிழிலேயே இரண்டு வரி.

பதில் இன்னும் வரவில்லை. தினமும் தபால்காரர் வரும் நேரத்துக்கு வாசலில் நிற்கிறேன். அந்தக் காலத்தில் என் மேசைக்கு எதிரே, மனுவின் நகலைக் கையில் வைத்துக்கொண்டு நின்றவர்களின் முகங்கள் இப்போதுதான் ஒவ்வொன்றாக ஞாபகம் வருகின்றன.