என் பெயர் இல்லாத பாலிசி

2011 பிப்ரவரி 22, பகல் 12.51. கிறைஸ்ட்சர்ச் நிலநடுக்கத்தில் 185 பேர் இறந்தார்கள். நாங்கள் பிழைத்தோம். வீடுதான் குடியிருக்க முடியாமல் போனது.

அடுத்த வாரமே ஒரு நோட்டுப் போட்டேன். முந்தைய செப்டம்பர் நடுக்கத்துக்கு ஒரு கிளெய்ம், இதற்கு இன்னொன்று. எந்த விரிசல் எப்போது விழுந்தது என்று பிரித்துக் காட்ட வேண்டும். அப்போது ஒவ்வொரு நடுக்கத்துக்கும் வீட்டுக்கு ஒரு லட்சம் டாலரும் ஜிஎஸ்டியும் வரை அரசுக் காப்பீடு இருந்தது. சேதம் அதைத் தாண்டினால் தனியார் நிறுவனம்.

எங்களுடையது தாண்டியது. அந்த நிறுவனத்துக்கு எத்தனை முறை ஃபோன் செய்தாலும் முதல் கேள்வி ஒன்றுதான்: "உங்கள் கணவர் இருக்கிறாரா?" பாலிசி அவர் பெயரில். வீட்டுக் கடனிலோ இருவர் பெயரும் இருந்தது. அவரைக் கூப்பிட்டு "ஆமாம், நான்தான்" என்று சொல்லவைத்துவிட்டு, மீதியை நானே பேசுவேன்.

வாடகைக்குப் பாலிசி தந்த தொகை ஒரு வருடத்தில் தீர்ந்தது. பிறகு இடிந்த வீட்டுக்குத் தவணை, இருக்கும் வீட்டுக்கு வாடகை. என் வளையல்கள் அப்போது போயின. அதற்கு எந்த கிளெய்மும் கிடையாது.

மூன்றாம் வருடம் பணம் வந்தது, அவர் பெயரில். "பாவம், மாப்பிள்ளை ஒத்தை ஆளா சமாளிச்சிட்டாரு" என்றாள் அம்மா. அவர் என் நோட்டைப் பார்த்தார், ஒன்றும் சொல்லவில்லை.

புது பாலிசியில் என் பெயரும் இருக்கிறது. கேட்டு வாங்கினேன். ஒரே ஒரு படிவம்தான். உங்கள் வீட்டு பாலிசியையும் ஒருமுறை எடுத்துப் பாருங்கள்.